வாய்க்கால் சேறும் நான் போடாத கையெழுத்தும்

எங்கள் தாமான் வீடமைப்புப் பகுதியில் குடியிருப்போர் சங்கம் இந்த ஆண்டு ஒரு மலர் போடுகிறது. செயலாளராக இருக்கும் பெண் என் வீட்டுக்கு வந்து, "வீட்டுல காய்கறி போட மண்ண எப்படித் தயார் பண்றதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க ஆன்ட்டி. உரத்தப் பத்தி உங்களுக்குத்தான லா தெரியும்" என்று கேட்டாள். ஒரு பக்கத்தில் அடங்காது என்றேன். எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாள். அது அவள் செய்த தவறு.

என் பெயரோடு உரம் என்ற சொல் சேர்ந்தால், இங்கே புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கும் பழைய தோட்டத்து ஆட்களில் ஓரிருவர் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தி வேறொரு கதை சொல்கிறார்கள். எனக்குக் கேட்காது என்று நினைக்கிறார்கள். எனக்கு எழுபது வயதுக்கு மேலாகிறது, காது நன்றாகவே கேட்கிறது. நான் உரம் திருடவில்லை. அதை முதலில் எழுதிவிட்டேன். இனி மண்ணுக்கு வருகிறேன்.

நான் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம், ஈயம் எடுத்து முடித்துக் கைவிட்ட வெள்ளை மணலுக்கு அருகில். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தேன். கல்யாணம் ஆனதும் ஜெரம் பக்கத்தில் கடலோரத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன். என் கணவர் மாணிக்கம் குலை வெட்டும் வேலை. நான் உரம் போடும் கூட்டத்தில் சேர்ந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. கூட்டத்தில் பதினொரு பேர், எல்லோரும் பெண்கள்.

அந்த வேலை பார்வைக்கு லேசானது. விடியும் முன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுப்போம். அங்கேதான் அன்றைக்கு யார் எங்கே போக வேண்டும் என்று பிரிப்பார்கள். லோரி சாலையோரமாக மூட்டைகளைப் போட்டுக்கொண்டே போகும். மூட்டையைப் பிரித்து வாளியில் கொட்டி, வாளியை இடுப்பில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு, அளவு டின்னோடு மரத்துக்கு மரம் நடக்க வேண்டும். ஒவ்வொரு மரத்தையும் சுற்றிப் புல் இல்லாமல் ஒரு வட்டம் இருக்கும். உரத்தை அடிமரத்தில் கொட்டக் கூடாது. வட்டத்தின் வெளி ஓரத்தில், விதை தூவுவது போல, சுற்றிவர வீச வேண்டும். ஒரு இடத்தில் குவிந்தால் அங்கே வேர் வெந்துவிடும். அப்போது எங்களுக்குக் கையுறை கிடையாது. சிவப்பாக இருக்கும் பொட்டாஷ் விரல் வெடிப்பில் பட்டால் நெருப்பு. பாறைத் தூள் மாதிரி ஒன்று வரும், அது மூக்கில் ஏறும். காற்று எதிரே அடித்தால் எல்லாமே உதட்டில் வந்து ஒட்டும். ஐந்தாறு வருடம் அந்த வேலை செய்தவளுக்கு எந்த உரம் எப்படி ருசிக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பொட்டாஷ் உப்புக் கரிக்கும். யூரியா நாக்கில் சில்லென்று கரைந்து கசக்கும். சல்பேட் சுருக்கென்று குத்தும்.

எங்களுக்கு மேலே இருந்து வேலையை மேற்பார்வை பார்த்தவர் கண்டக்டர் நடேசன். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. சத்தம் போட மாட்டார். கெட்ட வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. நாங்கள் முடித்துவிட்டுப் போன மர நிரையில் பின்னாலேயே வருவார். குடை நுனியால் மட்டையை விலக்கிப் பார்ப்பார். வேலையைச் சீக்கிரம் முடிக்க யாராவது உரத்தைக் குவியலாகக் கொட்டி மறைத்திருந்தால், அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்தப் பெண் திரும்பி வந்து, கையால் அள்ளி, ஒழுங்காக வீசி முடிக்கும்வரை நிற்பார். பிறகு நடப்பார். மண்ணை அவர் விரலால் தொட்டதே இல்லை. ஆனால் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பியதில்லை. நான் அவரை மதித்தேன். அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு அவ்வளவு வலித்தது.

நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், வாய்க்கால்வரை, வீட்டுக்கு ஒரு கீற்று நிலம் உண்டு. அதைக் கொல்லை என்போம். என் கொல்லையில் வெண்டை, கத்தரி, பயற்றங்காய், தண்டுக்கீரை எல்லாம் இருந்தன. லயத்திலேயே என் கொல்லைதான் நன்றாக இருந்தது. மாட்டுக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி மக்க வைத்த சாணம், அடுப்புச் சாம்பல், இவைதான் போட்டேன். இன்னொன்றும் உண்டு. அதையும் மறைக்க மாட்டேன். காலி உரப் பைகளைக் கழுவி மடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. நான் வீட்டுப் பீப்பாயில் கழுவி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன். கழுவச் சொன்னவர்கள் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று சொல்லவில்லை. அது திருட்டு என்றால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம், மழை ஓய்ந்த சமயம், வாய்க்காலை ஆழப்படுத்த வேண்டும் என்று ஒரு தோண்டும் இயந்திரம் வந்தது. அடியிலிருந்து நீலமும் சாம்பலும் கலந்த சேற்றை வாரி வாரிக் கரையில் கொட்டியது. அழுகிய முட்டை நாற்றம். ஆனால் பார்க்க வெண்ணெய் மாதிரி வழவழப்பு. எனக்கு அது ஆற்று வண்டல் மாதிரித் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்காவிடம், "நாத்தம் அடிக்கிற சேத்துலதான்க்கா சத்து இருக்கும். அள்ளிப் பாத்தியில போடுங்க" என்றேன். என் கொல்லையைப் பார்த்தவர்கள் என் பேச்சைக் கேட்காமல் இருப்பார்களா? ஒன்பது வீட்டுப் பெண்கள், வேலை முடிந்து வந்த களைப்போடு, கூடை கூடையாகச் சுமந்தோம்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாதம் செடி தளதளவென்று நின்றது. பிறகு வெயில் தொடர்ந்தது. சேறு காய்ந்து வெடித்தது. கீரை நுனியில் பழுத்தது, பிறகு நெருப்புப் பட்டது போலச் சுருண்டது. கத்தரி நின்ற நிலையில் காய்ந்தது. இரண்டு வாரத்தில் ஒன்பது கொல்லையும் கருகிப் போயின.

கண்டக்டர் லயத்தைப் பார்வையிட வந்தார். ஒவ்வொரு கொல்லையாகப் பார்த்தார். என் வேலியில் நின்றார். வேலிக்கு நான் இரண்டு கிழிந்த உரப் பையைக் கட்டியிருந்தேன். குடை நுனியால் அதைத் தொட்டார்.

"உரம் அதிகமாப் போட்டா இப்படித்தான் கருகும்" என்றார். "எங்கேருந்து வந்துச்சு அஞ்சலை?"

"உரம் போடலைங்கையா. வாய்க்கா சேறுதான் போட்டோம்."

"சேறு செடிய எரிக்காது."

அவ்வளவுதான் பேசினார். ஸ்டோரில் உரம் குறைகிறது என்ற பேச்சு ஏற்கெனவே இருந்ததாம். அது எனக்குத் தெரியாது. மறுநாள் பெரட்டில், எல்லோர் முன்னாலும், அதே தணிந்த குரலில் சொன்னார்: "அஞ்சலை தோட்டத்து உரத்த எடுத்து லயத்துக்குக் கொடுத்திருக்கு. இன்னிலேருந்து உரக் கூட்டத்துல வேண்டாம். புல்லு வெட்டப் போகட்டும்." என் வாளியை வேறொருத்தி எடுத்துக்கொண்டாள்.

அன்று பிற்பகலே ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். தோட்டத்து நிர்வாகியான எங்கள் துரை ஈப்போவிலிருந்து வந்த சீனர். மலாயில் பேசுவார், கண்டக்டர் தமிழில் சொல்வார். மேசையில் தட்டச்சு செய்த தாள் ஒன்று இருந்தது. கண்டக்டர் அதைப் படித்துச் சொன்னார். நான் உரம் எடுத்தது உண்மை, இனிமேல் செய்ய மாட்டேன், இந்த முறை மன்னிக்க வேண்டும்.

"கையெழுத்துப் போட்டா இதோட முடிஞ்சுரும்" என்றார். "போடலைன்னா விசாரணை வைக்கணும். வேலை போகலாம். வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. ஒரு வாரம் தர்றார் துரை."

"எடுக்காதத எடுத்தேன்னு எப்படிங்கையா எழுதிக் குடுக்கறது?"

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க இதுல என்னங்கையா இருக்கு?" என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் மாணிக்கம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "ஒரு கையெழுத்துதானே புள்ள, போட்டுட்டு வேலையப் பாரு. வீட்ட விட்டுட்டு எங்க போவோம்?" என்றார்.

"நீங்க போடுவீங்களா? குலை திருடினேன்னு எழுதின தாள்ல?"

அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. பயப்பட அவருக்கும் காரணம் இருந்தது. ஆனால் அந்தத் தாள் ஆபீஸ் அலமாரியில் இருக்கும் வரைக்கும் நான் யார் என்பதை அதுதான் சொல்லும், நான் சொல்ல முடியாது.

மறுநாள் வேலை முடிந்ததும் செத்த செடிகளைப் பிடுங்கிப் பார்த்தேன். உரம் எரித்த வேர் எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. வேர் கீழே இறங்கி, சேற்றைத் தொட்டதும் திரும்பி மேலே வந்திருந்தது. முனையெல்லாம் கட்டையாக, பழுப்பாக. காய்ந்த சேற்றின் வெடிப்புக்குள் மஞ்சள் தூள் தூவியது போல ஒரு கறை. யாராவது எனக்கு வேண்டாதவர்கள் உண்மையிலேயே உரத்தைக் கொண்டுவந்து கொட்டியிருப்பார்களோ என்று ஒரு சந்தேகம் வந்தது. எந்த உரம் என்று பார்க்க ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்தேன்.

பொட்டாஷ் இல்லை. யூரியா இல்லை. நான் அறிந்த எந்த உரமும் இல்லை. புளித்தது. புளித்து, படிகாரம் போல நாக்கை இழுத்துப் பிடித்தது.

வாய்க்காலில் இறங்கி அடிச் சேற்றை ஈரமாக எடுத்து ருசித்தேன். நாற்றம்தான் இருந்தது, புளிப்பு இல்லை. ஈரமாக இருக்கும்போது சாதுவாக இருப்பது, வெயிலும் காற்றும் பட்டுக் காய்ந்தால் புளித்துப் போகிறது என்பது அப்போது புரிந்தது. பிறகு கரையோரமாகவே நடந்தேன். லயம் தாண்டி, வீடே இல்லாத இடம்வரை. அங்கேயும் இயந்திரம் சேற்றைக் கொட்டியிருந்தது. அங்கே லாலாங் புல் முளைத்திருந்தது. அதுவும் செத்துக் கிடந்தது. எதற்கும் சாகாத புல் அது.

எனக்கு நிம்மதி வந்த அதே நிமிடத்தில் வேறொன்றும் உறைத்தது. ஒன்பது கொல்லையையும் கெடுத்தது நான்தான். உரத்தால் இல்லை, வாயால்.

ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் லயத்துப் பெண்களைக் கூப்பிட்டேன். அதுதான் எனக்கு ஆபீசைவிடக் கஷ்டமாக இருந்தது. "சேறுதான் கெட்டது. அதப் போடச் சொன்னவ நான். தப்பு என்னோடது" என்றேன்.

பாப்பாத்தி அக்கா என்னை முறைத்தாள். "இடுப்பொடியச் சுமந்தோமேடி. நீ சொன்னேன்னுதான சுமந்தோம்."

"திரும்ப நல்லாக்கித் தர்றேன்க்கா."

"நீயே வீட்ட விட்டுப் போகப்போற. நீ எங்க நல்லாக்கித் தரப்போற?" என்று முந்தானையை உதறிக்கொண்டு போனாள். சொன்னதில் நியாயம் இருந்தது.

ஒரு வாரம் முடிவதற்குள் நானே ஆபீசுக்குப் போனேன். தாளை என் பக்கம் நகர்த்தினார்கள். "கையெழுத்துப் போட வரலைங்கையா. ஒரு இடத்துக்கு வந்து பாருங்க. பாத்துட்டு விசாரணை வைங்க" என்றேன். கண்டக்டர் அதை மலாயில் சொன்னார். துரை கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு ஜீப்பை எடுத்தார்.

வீடில்லாத அந்தக் கரையில் நிறுத்தச் சொன்னேன். செத்த லாலாங்கைக் காட்டினேன்.

"உரம் திருடினவ, இங்க வந்து லாலாங்குக்கா போட்டேன்?"

கண்டக்டர் குடை நுனியால் புல்லை விலக்கினார். நான் குனிந்து மஞ்சள் ஓடிய சேற்றுக் கட்டி ஒன்றை உடைத்து, ஒரு துண்டை என் வாயில் போட்டு, மறு துண்டை அவரிடம் நீட்டினேன்.

"உரமா இல்லையான்னு நீங்களே பாருங்கையா. எங்க உதட்டுல நாள் முழுக்க உரம்தான் ஒட்டியிருக்கு. எங்களுக்கு ருசி தெரியும்."

துரை முகத்தைச் சுளித்தார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். குடையை மடித்து ஜீப்பில் சாய்த்து வைத்தார். அந்தக் கட்டியைத் தன் விரலால் வாங்கினார். நாக்கில் வைத்தார். உடனே திரும்பித் துப்பினார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"மாசாம், துவான்" என்றார் துரையிடம். புளிக்கிறது ஐயா என்று அர்த்தம்.

அவர்கள் இருவரும் மலாயில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு துரை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "தாள் வேண்டாம்னுட்டார். நாளைக்குப் பழைய வேலைக்கு வா" என்றார் கண்டக்டர்.

மறுநாள் பெரட்டுக்குப் போனேன். என் வாளி தரையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. மற்றவர்கள் லோரியில் ஏறத் தொடங்கினார்கள்.

"என்ன அஞ்சலை?" என்றார் கண்டக்டர்.

"திருடின்னு சொன்னது இந்த எடத்துலதாங்கையா. இல்லைன்னும் இங்கயே சொல்லிருங்க."

லோரியில் ஏறியவர்கள் இறங்கினார்கள். மாணிக்கம் குலை வெட்டுக்காரர்களோடு நின்றுகொண்டு, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் நின்ற இடத்தில் நின்றேன். கண்டக்டர் தரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அஞ்சலை உரம் எடுக்கலை. வாய்க்கால் சேறுதான் கெட்டது. நான் சொன்னது தப்பு."

வழக்கமான தணிந்த குரல்.

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலைங்கையா" என்றேன்.

இன்றைக்கு நினைத்தாலும் அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் நிமிர்ந்தார். அந்த மூன்று வாக்கியத்தையும் மறுபடி சொன்னார், களம் முழுக்கக் கேட்கும்படி. அவர் சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டது அன்றுதான். நான் வாளியை எடுத்து இடுப்பில் கட்டினேன்.

இனி செயலாளர் பெண் கேட்ட விஷயம். கெட்ட மண்ணை எப்படித் திருப்பினோம் என்பதைச் சொல்கிறேன். இதில் குறுக்கு வழி இல்லை.

முதலில் மஞ்சள் ஓடிய சேற்றை எல்லாம் சுரண்டி எடுத்துத் தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டோம். சும்மா கிளறிவிட்டால் மேலும் புளிக்கும். பிறகு வீட்டு முன்வாசலின் மேல் மண்ணை வெட்டிவந்து முழங்கால் உயரத்துக்குப் பாத்தி கட்டினோம். பாத்திகளுக்கு நடுவே சிறு நீர்க்கால் வெட்டினோம், மழை பெய்தால் புளிப்பு கழுவிக்கொண்டு வாய்க்காலுக்குப் போக வேண்டும். நாலைந்து நல்ல மழைவரை எதுவும் விதைக்கவில்லை. அவசரப்பட்ட ஒரு வீட்டில் விதை முளைத்து மடிந்தது.

அடுத்து சுண்ணாம்பு. சுங்கை செம்பிலாங்கில் மீனவர் வீடுகளுக்குப் பின்னால் சிப்பி ஓடு மலையாகக் கிடக்கும். மாணிக்கம் யாரும் கேட்காமலே தன் மோட்டார் சைக்கிளில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார். கையெழுத்தைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மூட்டைகளே போதும் என்று நானும் விட்டுவிட்டேன். விறகை ஒரு வரிசை, சிப்பி ஓட்டை ஒரு வரிசை என்று அடுக்கி எரித்து, ஆறியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்தால் படபடவென்று வெடித்து வெள்ளை மாவாகும். தள்ளி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு தெளிக்க வேண்டும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதைப் பாத்தியில் மெல்லிசாகத் தூவி, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும்.

சுண்ணாம்பு போட்ட அன்றே சாணம் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை கிளம்பும். அந்த வாடையோடு சாணத்தின் சத்தும் போய்விடும். இரண்டு மூன்று வாரம் பொறுத்து, கையில் எடுத்தால் உதிர்கிற பழைய சாணத்தைக் கலக்குங்கள். பச்சைச் சாணம் கூடாது. கடைசியாகச் சாம்பல், அதுவும் கொஞ்சமாக. ஆலையில் செம்பனைக் குலையை எரித்து வரும் சாம்பல் வீரியமானது, கையை அரிக்கும். வீட்டு அடுப்புச் சாம்பலே போதும். எல்லாம் முடிந்ததும் ஒரு மூலையில் கீரை விதையைத் தூவிப் பாருங்கள். மண் சம்மதிக்கிறதா என்று கீரைதான் சீக்கிரம் சொல்லும். மண்புழு வந்துவிட்டால் பிறகு என்னைக் கேட்க வேண்டாம்.

ஒன்பது கொல்லைக்கும் இப்படியே செய்தேன். ஒரு வருடத்துக்கு மேலானது. பாப்பாத்தி அக்கா வீட்டில்தான் முதலில் கீரை பறித்தார்கள். ஒரு கட்டு எனக்குக் கொடுத்தாள். "இனிமே எதையாவது போடச் சொல்றதுன்னா, மொதல்ல நக்கிப் பாத்துட்டுச் சொல்லுடி" என்றாள். அவளுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அதன்பின் சில வருடம் கழித்து, தோட்டத்தின் மறு பகுதியில் வாய்க்கால் தோண்ட மீண்டும் இயந்திரம் வந்தது. நான் நிரையில் உரம் வீசிக்கொண்டிருந்தபோது கண்டக்டர் வந்து, வாளியை வைத்துவிட்டு வரச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. போய்ப் பார்த்தால், தோண்டிய பள்ளத்தின் ஓரத்தில் துரை நின்றிருந்தார். இயந்திரக்காரர் ரவாங்கிலிருந்து வந்த தமிழர், என்னை யார் என்று அவருக்குத் தெரியாது.

நான் பள்ளத்துக்குள் இறங்கினேன். இடுப்பளவுவரை பழுப்புக் களிமண். அதற்குக் கீழே விரலை விட்டால் வழவழவென்று நீலம். முகர்ந்தேன். அதே நாற்றம்.

"இதுக்கு மேல தோண்டாதீங்க. இதோட நிறுத்துங்க" என்றேன்.

இயந்திரக்காரர் மேலிருந்து சிரித்தார். "யாருய்யா இந்தப் பொம்பள? எனக்குச் சொன்ன அளவு வேற" என்று நெம்புகோலில் கை வைத்தார்.

கண்டக்டர் நடேசன் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார்.

"அந்தம்மா சொன்னது காதுல விழலையா?" என்றார். "இறங்கு கீழ."